நியூயார்க் டால்ஸின் முதல் ஆல்பம்: வாசகர் கேள்விகளும் எங்கள் பதில்களும்

சென்ற இதழில் பங்க் ராக்கின் முன்னோடிகளைப் பற்றி எழுதியபோது, நியூயார்க் டால்ஸ் குழுவின் முதல் ஆல்பத்தை இரண்டே வரியில் தாண்டிப் போய்விட்டோம். விடுவார்களா நம் வாசகர்கள்? கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, தேர்ந்தெடுத்தவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

கேள்வி: குழுவில் யார் யார்? எப்படிச் சேர்ந்தார்கள்? (தஞ்சாவூர்)

பாடகர் டேவிட் ஜோஹான்சன், ஸ்டேட்டன் ஐலண்ட் ஆள். லீட் கிட்டார் ஜானி தண்டர்ஸ்; இயற்பெயர் ஜான் ஜென்சேல். இரண்டாவது கிட்டாரும் பியானோவும் சில்வைன் சில்வைன். இவர் எகிப்தின் கெய்ரோவில் பிறந்து, குடும்பத்தோடு அமெரிக்கா வந்தவர். பேஸ் கிட்டார் ஆர்தர் கேன். டிரம்ஸ் ஜெரி நோலன்.

1971-ல் நியூயார்க்கில் குழு தொடங்கியபோது நோலன் இல்லை. அப்போது டிரம்ஸ் வாசித்தவர் கொலம்பியாவில் பிறந்த பில்லி முர்சியா. அவரும் சில்வைனும் பழைய நண்பர்கள். சேர்ந்து பின்னலாடைத் தொழில்கூட நடத்தியவர்கள். 1972 நவம்பரில், முதல் லண்டன் பயணத்தின்போது முர்சியா இறந்துபோனார். வயது 21. அடுத்த மாதமே நோலன் வந்து சேர்ந்தார். குழுவின் பெயர், சில்வைன் வேலை பார்த்த துணிக்கடைக்கு எதிரே இருந்த பொம்மை பழுதுபார்க்கும் கடையின் பெயர்ப்பலகையிலிருந்து எடுத்தது.

ஆல்பத்தின் பெயரும் 'நியூயார்க் டால்ஸ்'தான். மெர்க்குரி நிறுவனம் 1973 ஜூலை 27 அன்று வெளியிட்டது. 11 பாடல்கள்.

கேள்வி: இவர்கள் கிளாம் ராக்கா, பங்க்கா? இரண்டு பெயரும் போடுகிறார்களே? (சேலம்)

உடுப்பில் கிளாம், அதாவது மேக்கப்பும் பளபளப்பும். நடத்தையில் பங்க், அதாவது முரட்டுத்தனம். பாட்டு இரண்டுமே இல்லை என்பது எங்கள் கட்சி. ஐ-ஷேடோவையும் ஹை ஹீல்ஸையும் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டால், அடியில் இருப்பது 1950-களின் ராக் அண்ட் ரோலும், 60-களின் பெண் பாடகியர் குழுப் பாட்டும், ரோலிங் ஸ்டோன்ஸ் வழியாக வந்த ரிதம் அண்ட் ப்ளூஸும்தான்.

சாட்சி ஆல்பத்திலேயே இருக்கிறது. 'லுக்கிங் ஃபார் எ கிஸ்' தொடங்கும்போது ஜோஹான்சன் பேசும் வரி, ஷாங்க்ரி-லாஸ் என்ற பெண்கள் குழுவின் பாட்டிலிருந்து எடுத்தது. 'டிராஷ்' பாட்டின் நடுவில் மிக்கி அண்ட் சில்வியாவின் 'லவ் இஸ் ஸ்டிரேஞ்ச்' எட்டிப்பார்க்கும். 'பில்ஸ்' நேரடியாகவே போ டிட்லியின் பாட்டு. 'சப்வே ட்ரெயின்' முடியும் இடத்தில் அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் பாடும் பழைய ரயில்பாதைப் பாட்டு வந்து ஒட்டிக்கொள்ளும். இவ்வளவு பழைய சரக்கை வைத்துக்கொண்டு இவர்கள் புதிதாகத் தெரிந்ததற்குக் காரணம் வாசித்த விதம். 1973 என்பது 10 நிமிட கிட்டார் சோலோவும், ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டும் பெருமையாகக் கருதப்பட்ட காலம். இவர்களோ பெரும்பாலான பாடல்களை 3 முதல் 4 நிமிடத்துக்குள் அடித்து முடித்துவிட்டார்கள்.

கேள்வி: நல்ல ஹெட்போனில் கேட்டும் ஆல்பம் கலங்கலாக ஒலிக்கிறது. குறை என் கருவியிலா, பதிவிலா? (கோயம்புத்தூர்)

பதிவில்தான். ஹெட்போனை மாற்றிப் பணத்தை வீணாக்காதீர்கள்.

நியூயார்க்கின் ரெக்கார்ட் பிளான்ட் ஸ்டூடியோவில், 1973 ஏப்ரலில், 8 நாட்களில் பதிவு முடிந்தது. செலவு 17,000 டாலர். தயாரிப்பாளர் டாட் ரண்ட்கிரன், ஒலிப்பதிவுப் பொறியாளர் ஜாக் டக்ளஸ். நாள் குறைவு என்பதால், மேடையில் எந்தப் பாட்டு நன்றாக எடுபட்டதோ அதையே பதிவுக்கும் எடுத்துக்கொண்டார்கள். அது நல்ல முடிவு. நியூயார்க்கின் மெர்சர் ஆர்ட்ஸ் சென்டர் என்ற கலை அரங்கத்தின் சின்ன அறையில் வாரா வாரம் செவ்வாய்க்கிழமை வாசித்து வாசித்துப் பழகிய பாடல்கள் என்பதால், வாசிப்பில் தயக்கமே கிடையாது.

கோளாறு வந்தது மிக்ஸிங்கில், அதாவது தனித்தனியாகப் பதிவான கருவிகளையும் குரலையும் ஒன்றாகக் கலக்கும் கட்டத்தில். அரை நாள்கூட ஆகாமல் மொத்த ஆல்பத்தையும் மிக்ஸ் செய்து முடித்துவிட்டார்கள். 11 பாட்டுக்கு 6 மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும் பாட்டுக்கு 33 நிமிடம்கூட வராது. ஒலி அளவை மாற்றும் ஃபேடரை ஏற்றி இறக்கிப் பார்க்கவே சரியாகப் போய்விடும். தண்டர்ஸ் பிறகு பத்திரிகைக்காரர்களிடம் ரண்ட்கிரன்தான் மிக்ஸைக் கெடுத்தார் என்று வசைபாடினார். ரண்ட்கிரனின் தரப்போ வேறு: பதிவு நேரத்தில் நண்பர்கள் கூட்டம் கூட்டமாக வந்து நின்றார்கள், குழுவை வேலையில் உட்கார வைப்பதே பெரும்பாடு என்பது. இரண்டிலும் உண்மை இருக்கும்.

என்னதான் நடந்திருக்கிறது ஒலியில்? இரண்டு கிட்டார், பியானோ, ஜோஹான்சனின் தொண்டை இந்த நான்கும் ஏறக்குறைய 500 ஹெர்ட்ஸ் முதல் 3 கிலோஹெர்ட்ஸ் வரையிலான நடு அலைவரிசையில் முட்டிக்கொள்கின்றன. ஒன்றை முன்னே கொண்டுவந்தால் இன்னொன்று மறையும். நேரம் இருந்தால் ஒவ்வொரு கருவிக்கும் ஈக்வலைசரில் (அலைவரிசை வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கருவி) கொஞ்சம் வெட்டி இடம் ஒதுக்குவார்கள். அந்த நேரம் இங்கே கிடைக்கவில்லை. அடிவாங்கியது ஆர்தர் கேனின் பேஸ். பல இடங்களில் அது இருப்பதே தெரியாது.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது: 'பேஸ் பூஸ்ட்', 'லவுட்னஸ்' இரண்டையும் அணைத்துவிடுங்கள். பேஸைக் கூட்டினால் கேனின் கிட்டார் மேலே வராது. டிரம்ஸின் அடிச்சத்தம்தான் வீங்கும். ஈக்வலைசர் இருந்தால் 250 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை 2 அல்லது 3 டெசிபல் குறைத்துப் பாருங்கள். கலங்கல் கொஞ்சம் விலகும். 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே கை வைக்க வேண்டாம். ஏற்கனவே கூர்மையாக இருப்பது காதைக் குத்தத் தொடங்கிவிடும்.

ஒன்று மட்டும் ரண்ட்கிரன் சார்பாகச் சொல்லியாக வேண்டும். இதே ஆல்பத்தை ஒரு சின்ன டிரான்சிஸ்டர் மாதிரி ஒற்றை ஸ்பீக்கரில் போட்டுக் கேளுங்கள். கோரஸ், பியானோ, கிட்டார் எல்லாம் பளிச்சென்று எழுந்து நிற்கும். ரேடியோவில் ஒலிக்கும் ஒற்றைப் பாட்டுகளின் தொகுப்பாகவே அவர் இதைப் பார்த்திருக்கிறார் என்று தோன்றுகிறது.

கேள்வி: முதல்முறை கேட்பவர் எந்தப் பாட்டில் தொடங்கலாம்? (புதுச்சேரி)

முதல் பாட்டிலேயே தொடங்குங்கள். முதல் பாட்டான 'பெர்சனாலிட்டி க்ரைசிஸ்' 3 நிமிடம் 41 நொடி. இந்தக் குழு உங்களுக்கு ஒத்துவருமா வராதா என்பது முதல் அரை நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

அந்தப் பாட்டை இரண்டு தடவை, இரண்டு விதமாகக் கேளுங்கள். முதல் தடவை ஒரு பக்கத்து இயர்போனை மட்டும் போட்டு. அடுத்த தடவை மறுபக்கத்தை மட்டும். இரண்டு கிட்டாரும் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. கம்பியை வளைத்து, வழுக்கி, ஜோஹான்சன் மூச்சுவிடும் இடைவெளியிலெல்லாம் உள்ளே புகுந்து கத்துவது தண்டர்ஸ். கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டை) விடாமல் பிடித்துக்கொண்டு வண்டி தடம் புரளாமல் பார்த்துக்கொள்வது சில்வைன். பியானோவில் ஜெரி லீ லூயிஸ் பாணியில் ஒரே சுரத்தைச் சுத்தியலாய் அடிப்பதும் அவரே. பாட்டின் நடுவே எல்லாக் கருவியும் சட்டென்று நின்று, பிறகு ஒரே அடியில் மறுபடி சேரும் ஓர் இடம் உண்டு. ஒழுங்கில்லாத குழு என்று பெயர் வாங்கியவர்கள் அந்த இடத்தில் மயிரிழைகூடப் பிசகுவதில்லை. கவனியுங்கள்.

அதற்குப் பிறகு 'டிராஷ்', 'ஜெட் பாய்'. சத்தம் அலுத்துவிட்டால் 'லோன்லி பிளானட் பாய்'. அக்கூஸ்டிக் கிட்டாரும் பட்டி பவுசரின் சாக்ஸஃபோனும் உள்ள மென்மையான பாட்டு அது. 'வியட்நாமீஸ் பேபி'யைக் கடைசிக்கு வையுங்கள். தொலைவில் நடக்கும் போரின் குற்ற உணர்வு வீட்டுக்குள் அன்றாட வாழ்க்கையில் எப்படி வந்து உட்கார்ந்துகொள்கிறது என்பதுதான் விஷயம். வெறும் கூத்தடிக்கும் கும்பல் என்று இவர்களை ஒதுக்கியவர்கள் இந்தப் பாட்டைக் கவனிக்கவில்லை.

'பிரைவேட் வேர்ல்ட்' எங்களுக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. வாசகர்கள் சண்டைக்கு வரலாம்.

கேள்வி: 'பிராங்கன்ஸ்டைன்' பாட்டின் பெயருக்குப் பின்னால் 'ஒரிஜினல்' என்பதன் சுருக்கத்தைப் போட்டிருக்கிறார்களே, ஏன்? (நாகர்கோவில்)

அதே தலைப்பில் எட்கர் வின்டர் குழுவின் இசைத்துண்டு ஒன்று அப்போது அமெரிக்காவில் பெரிய ஹிட். 'எங்களுடையதுதான் முந்தியது' என்று ஒரு குத்து. அவ்வளவுதான்.

கேள்வி: எங்கள் குழுவில் இரண்டு கிட்டார். டால்ஸ் மாதிரி வாசிக்கப் பார்த்தால் வெறும் இரைச்சல்தான் மிஞ்சுகிறது. என்ன தவறு? (மதுரை)

பெரும்பாலும் மூன்று தவறுகள். இருவரும் ஒரே இடத்தில் ஒரே கார்டைப் பிடிக்கிறீர்கள், டிஸ்டார்ஷனை அளவுக்கு மீறி ஏற்றியிருக்கிறீர்கள், சுதி சேரவில்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஏ, டி, ஈ என்ற மூன்று கார்டில் ஒரு பாட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆள், அதாவது சில்வைன் இடத்தில் இருப்பவர், கீழ் ஃப்ரெட்டிலேயே (ஃப்ரெட் என்பது கிட்டார் கழுத்தில் குறுக்கே உள்ள உலோகக் கோடு) இருக்க வேண்டும். ஏ-க்கு 5-ம் கம்பியைத் திறந்தபடி விட்டு, 4-ம் கம்பியில் 2-ம் ஃப்ரெட்டை அழுத்தி இரண்டு அடி. அதே 4-ம் கம்பியில் 4-ம் ஃப்ரெட்டுக்கு விரலை நீட்டி இரண்டு அடி. மாறி மாறி இதேதான். டி-க்கு அப்படியே ஒரு கம்பி கீழே இறங்கி 4-ம், 3-ம் கம்பிகள். ஈ-க்கு மேலே ஏறி 6-ம், 5-ம் கம்பிகள். எல்லா அடியும் கீழ்நோக்கியே விழ வேண்டும். உள்ளங்கையின் ஓரத்தைப் பிரிட்ஜின்மேல் லேசாக வைத்தால் போதும். அழுத்தினால் சத்தம் செத்துவிடும்.

இரண்டாவது ஆள் அந்தப் பக்கமே போகக் கூடாது. 5-ம் ஃப்ரெட்டில் குடியிருக்க வேண்டும். 1-ம், 2-ம் கம்பிகளைச் சேர்த்து 3-ம் ஃப்ரெட்டிலிருந்து 5-க்கு வழுக்கினால் பழைய ராக் அண்ட் ரோல் கிட்டார்காரர் சக் பெர்ரியின் வாசனை வரும். தண்டர்ஸின் கத்தல் வேண்டுமென்றால், 3-ம் கம்பியில் 7-ம் ஃப்ரெட்டை அழுத்தி, ஒரு முழு டோன் மேலே வளைத்து, அதே நேரத்தில் 2-ம் கம்பியின் 5-ம் ஃப்ரெட்டையும் அடியுங்கள். இரண்டும் ஒரே சுரத்தில் வந்து உரச வேண்டும். இங்கேதான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள். வளைவு முழுதாகப் போய்ச் சேராமல் பாதியில் நிற்கும். சரிபார்க்க எளிய வழி உண்டு. 3-ம் கம்பியின் 9-ம் ஃப்ரெட்டை வளைக்காமல் அடித்துக் கேளுங்கள். வளைத்தபோது வந்த சுரம் அதே சுரமாக இருந்தால் சரி. ஒற்றை விரலால் வளைக்க முயலாதீர்கள். மோதிர விரலால் அழுத்தி, பின்னால் நடுவிரலையும் ஆள்காட்டி விரலையும் முட்டுக் கொடுங்கள். கம்பியின் தடிமனுக்கு 10-46 செட் போதும். 11 செட்டில் இந்த வளைவு புதியவர்களுக்கு எட்டாது.

வேண்டும் என்றே வளைவைக் கொஞ்சம் குறைத்தோ கூட்டியோ விடுவது தண்டர்ஸின் வழக்கம். ஆனால் சரியான இடம் தெரிந்தவர் அதைத் தாண்டுவது வேறு, தெரியாதவர் தடுமாறுவது வேறு. முதலில் சரியாகப் பிடித்துப் பழகுங்கள்.

அடுத்தது ஆம்ப், அதாவது ஆம்ப்ளிஃபையர். 15 அல்லது 20 வாட் வால்வு ஆம்ப் கிடைத்தால் வால்யூமை ஏற்றி அதன் இயல்பான உடைசலையே பயன்படுத்துங்கள். சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்ப் என்றால் ஓர் ஓவர்டிரைவ் பெடல் போதும். 'டிரைவ்' குமிழைக் கடிகாரத்தின் 9 அல்லது 10 மணி நிலையில் வையுங்கள், 'லெவல்' குமிழை முழுக்கத் திருப்புங்கள். மெட்டல் பாட்டுக்கான பெடலைத் தொடவே வேண்டாம். டிஸ்டார்ஷன் கூடக் கூட ஒவ்வொரு அடிக்கும் உள்ள தனித்தன்மை நசுங்கிப்போகும். இரண்டு கிட்டார் ஒரே புகைமூட்டமாகிவிடும். கார்டு பிடிக்கும்போது கிட்டாரின் வால்யூம் 7-ல் இருக்கட்டும், சோலோவுக்கு 10.

தண்டர்ஸ் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது மஞ்சள் நிற கிப்சன் லெஸ் பால் ஜூனியர். அதில் பிரிட்ஜ் அருகே ஒரே ஒரு பி-90 பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சமிக்ஞையாக மாற்றும் பகுதி). அந்த மாதிரி ஒற்றைச் சுருள் பிக்கப் போட்ட கிட்டார் வாங்கினால் ஒரு தொல்லை உண்டு: நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரைச்சலை அப்படியே இழுத்துக்கொள்ளும். டியூப் லைட், ஸ்டெபிலைசர், அடாப்டர் இவற்றிலிருந்து விலகி நில்லுங்கள். நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்பினால் ஒரு கோணத்தில் இரைச்சல் குறையும். அங்கேயே நின்று வாசியுங்கள். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் மாறினால் கவலை இல்லை. தொட்டதும் சுரீரென்றால் வாசிப்பதை உடனே நிறுத்துங்கள். பிளக் பாயின்ட்டில் எர்த் இணைப்பு சரியில்லை என்று பொருள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடாமல் ஆம்பைத் திரும்பப் போடாதீர்கள்.

சுதி விலகுவதற்குக் காரணம் பெரும்பாலும் நட், அதாவது கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகள் உட்காரும் பள்ளமுள்ள துண்டு. பள்ளத்தில் கம்பி சிக்கிக்கொண்டு, வளைத்த பிறகு பழைய இடத்துக்குத் திரும்புவதில்லை. 2பி பென்சில் கரியைப் பள்ளத்தில் தேய்த்துவிடுங்கள். முறுக்காணியில் கம்பி 2 அல்லது 3 சுற்றுக்கு மேல் வேண்டாம். புதுக் கம்பி மாட்டியதும் கையால் இழுத்து இழுத்துச் சுதி சேர்த்த பிறகே மேடைக்குப் போங்கள்.

கேள்வி: டிரம்ஸ் பற்றி யாருமே பேசுவதில்லையே? (திருநெல்வேலி)

பேச வேண்டியது அதைப் பற்றித்தான். நோலன் இல்லாவிட்டால் இந்த ஆல்பம் இல்லை என்பதே எங்கள் கருத்து. ஸ்விங் ஜாஸ் காலத்து டிரம்மர் ஜீன் க்ரூபாவை ரசித்து வளர்ந்த கை அவருடையது. அதனால் ராக் அடியிலும் ஒரு துள்ளல் இருக்கும். கிட்டார்கள் முந்தினாலும் பிந்தினாலும் ஸ்நேர் அடி விழுகிற இடத்தில்தான் விழும். 'ஜெட் பாய்' 4 நிமிடம் 41 நொடி. அதை முழுக்க டிரம்ஸை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். பாட்டு ஒவ்வொரு முறை திரும்பும்போதும் உருட்டல் எவ்வளவு சிக்கனமாக இருக்கிறது என்று புரியும். உங்கள் டிரம்மருக்கு ஒரு பயிற்சி: 2-ம், 4-ம் அடியில் மட்டும் ஸ்நேர், ஹை-ஹாட் எட்டாகப் பிரித்து, 4 நிமிடம் எந்த அலங்காரமும் இல்லாமல். முடியாது. மூன்றாவது நிமிடத்தில் கை தானாக எதையாவது சேர்க்கும், வேகமும் ஏறியிருக்கும். மெட்ரோனோம் (சீரான வேகத்தில் தட்டும் தாளக் கருவி) வைத்துச் சரிபாருங்கள்.

கேள்வி: பழைய எல்.பி. ஒன்று விலைக்கு வருகிறது. அசல் முதல் அச்சா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கேட்டுப் பார்த்தபோது முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு கரகரத்தது. (சென்னை)

அமெரிக்க முதல் பதிப்பின் எண் எஸ்.ஆர்.எம்.-1-675. பிரிட்டிஷ் பதிப்பு 6338 270. உறையின் எண், லேபிளில் உள்ள எண் இரண்டும் ஒத்துப்போகிறதா பாருங்கள். உறை ஒன்று, தட்டு வேறொன்று என்று சேர்த்து விற்பது இந்தச் சந்தையில் சகஜம். அமெரிக்கத் தட்டில் லேபிள் சிவப்பாக இருக்க வேண்டும். சிகாகோ நகரக் கட்டடங்கள் வரைந்த லேபிள் என்றால் அது சில ஆண்டு கழித்து அடித்த அச்சு. கேட்பதற்கு அதுவும் மோசமில்லை, ஆனால் முதல் அச்சின் விலை கொடுக்காதீர்கள். லேபிளைச் சுற்றிப் பாட்டு இல்லாத வழவழப்பான பகுதியில் கீறியிருக்கும் எண்ணை, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் படியுங்கள். அதைப் புகைப்படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தயங்குகிற வியாபாரியிடம் வாங்க வேண்டாம்.

கரகரப்புக்கு வருவோம். முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு அந்த 'பிராங்கன்ஸ்டைன்'. 6 நிமிடம், ஆல்பத்திலேயே நீளமானது, எல்லாக் கருவியும் அடைத்துக்கொண்டு நிற்கும் பாட்டு. அது தட்டின் மையத்துக்கு அருகே வந்து மாட்டியிருக்கிறது. தட்டு சுற்றும் வேகம் ஒன்றுதான் என்றாலும், வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் நொடிக்குச் சுமார் 51 செ.மீ. நீளப் பள்ளம் ஓடுகிறது. மையத்துக்கு அருகே சுமார் 21 செ.மீ.தான். அதே ஒலியைப் பாதிக்கும் குறைந்த நீளத்தில் நெருக்கி எழுத வேண்டியிருப்பதால், ஊசி அந்த நெளிவுகளைப் பின்தொடரத் திணறும். 'ஸ', 'ஷ' ஒலிகளும் சிம்பல் ஒலியும் முதலில் உடையும்.

அதனால் தட்டு தேய்ந்துவிட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். முதலில் ஊசி தட்டை அழுத்தும் எடை: கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருத்திய பகுதி) தயாரிப்பாளர் சொன்ன அளவின் மேல் எல்லையில் வையுங்கள். 1.8 முதல் 2.2 கிராம் என்று போட்டிருந்தால் 2.1. எடை குறைந்தால் தட்டுக்கு நல்லது என்பது தவறான எண்ணம். ஊசி துள்ளித்தான் பள்ளத்தின் சுவரைக் கெடுக்கும். அடுத்து, அளவுத்தாள் வைத்து கார்ட்ரிட்ஜ் நேராக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விலகினாலும் உள்பக்கப் பாட்டுகளில்தான் முதலில் தெரியும். உருண்டை முனை ஊசி இருந்தால் நீள்வட்ட முனைக்கு மாறுங்கள். இவ்வளவும் செய்து, தட்டைக் கழுவியும் கரகரப்பு போகவில்லை என்றால், முந்தைய உரிமையாளர் மழுங்கிய ஊசியில் தேய்த்திருக்கிறார். முதல் பாட்டும் அதேபோல் கரகரத்தால் சந்தேகமே வேண்டாம், விட்டுவிடுங்கள்.

கேள்வி: அட்டைப்படத்தில் இருப்பது ஆண்களா, பெண்களா? (யாழ்ப்பாணம்)

ஐந்து பேரும் ஆண்கள். சோபாவில் வரிசையாக, முழு மேக்கப்போடு, கறுப்பு வெள்ளையில் டோஷி என்ற புகைப்படக்காரர் எடுத்த படம். குழுவின் பெயரை லிப்ஸ்டிக்கால் எழுதியதுபோல் மேலே போட்டிருக்கும். 1973 அமெரிக்காவில் இந்தப் படம் பலரைப் பயமுறுத்தியது, விற்பனையையும் பாதித்தது. பின்னட்டையைத் திருப்பிப் பாருங்கள். அதே ஐவர் ஈஸ்ட் வில்லேஜில் 'ஜெம் ஸ்பா' என்ற பெட்டிக்கடை முன்னால் நிற்கிறார்கள். பத்திரிகை, சிகரெட், சோடா விற்ற அந்தக் கடை 2020-ல்தான் மூடப்பட்டது.

கேள்வி: விற்காத ஆல்பம் என்கிறீர்கள். பிறகு எப்படி இவ்வளவு செல்வாக்கு? (திருச்சி)

அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பப் பட்டியலில் 116-ம் இடத்தைத் தாண்டவில்லை. கிரீம் பத்திரிகையின் வாசகர் வாக்கெடுப்பில் அந்த ஆண்டின் சிறந்த புதுக் குழு, மோசமான புதுக் குழு இரண்டு பட்டமும் இவர்களுக்கே. ஆல்பம் வந்து ஒரே வாரத்தில், ஆகஸ்ட் 3 அன்று, இவர்கள் வளர்ந்த மெர்சர் ஆர்ட்ஸ் சென்டர் இருந்த பழைய ஹோட்டல் கட்டடமே இடிந்து விழுந்து நான்கு பேர் இறந்தார்கள்.

ஆனால் கேட்ட ஆட்கள் யார் என்று பாருங்கள். 1973 நவம்பரில் பி.பி.சி.யின் இசை நிகழ்ச்சியில் இவர்கள் தோன்றினார்கள். தொகுப்பாளர் பாப் ஹாரிஸ் 'போலி ராக்' என்ற பொருளில் ஒரு கிண்டல் செய்துவிட்டு நகர்ந்தார். வீட்டில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த விடலைப் பையன்களுக்கோ வேறு மாதிரி பட்டது. அவர்களில் ஒருவரான 14 வயது மோரிசி, பிறகு டால்ஸின் பிரிட்டிஷ் ரசிகர் மன்றத்தை நடத்தி, அதற்கும் பிறகு தி ஸ்மித்ஸ் குழுவின் பாடகரானார். லண்டனில் துணிக்கடை வைத்திருந்த மால்கம் மெக்லாரன் 1975-ல் நியூயார்க் வந்து, குழுவுக்குச் சிவப்புத் தோலுடை மாட்டி, பின்னால் அரிவாள் சுத்தியல் கொடியைத் தொங்கவிட்டுக் காப்பாற்றப் பார்த்தார். பலிக்கவில்லை. அதே ஆண்டு ஃப்ளோரிடா பயணத்தின் நடுவில் தண்டர்ஸும் நோலனும் கழன்றுகொண்டார்கள். மெக்லாரன் ஊர் திரும்பி செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழுவை உருவாக்கினார். அந்தக் குழுவின் கிட்டார்காரர் ஸ்டீவ் ஜோன்ஸ் கையில் இருந்த வெள்ளை லெஸ் பால், சில்வைனுடையது.

'எங்களாலும் முடியும்' என்று நினைக்க வைத்த ஆல்பம் என்று பலர் எழுதுவார்கள். எங்களுக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. மேலே சொன்ன நோலன் பயிற்சியைச் செய்து பாருங்கள், எவ்வளவு எளிது என்று தெரியும்.

கேள்வி: இப்போது யாராவது உயிரோடு இருக்கிறார்களா? (ஈரோடு)

ஆல்பத்தில் வாசித்த ஐவரும் இல்லை. தண்டர்ஸ் 1991-ல் நியூ ஆர்லியன்ஸில், நோலன் 1992-ல். மோரிசி முயற்சியால் 2004-ல் லண்டன் மெல்ட்டவுன் விழாவில் மீதி மூவரும் ஒன்றாக மேடையேறினார்கள். சில வாரங்களிலேயே ரத்தப் புற்றுநோயால் கேன் காலமானார். சில்வைன் 2021 ஜனவரியில், ஜோஹான்சன் 2025 பிப்ரவரியில்.

இடையில் குழு மீண்டும் ஆல்பம் போட்டது. 2006 ஆல்பத்தைத் தயாரித்தவர் முதல் தட்டின் பொறியாளர் ஜாக் டக்ளஸ். 2009 ஆல்பத்தைத் தயாரித்தவர், வேறு யார், ரண்ட்கிரன்தான்.

கேள்வி: இதைக் கேட்டு முடித்தாயிற்று. அடுத்து? (பெங்களூரு)

இரண்டாவது ஆல்பமான 'டூ மச் டூ சூன்' 1974-ல் வந்தது. ஷாங்க்ரி-லாஸை உருவாக்கிய ஷேடோ மார்ட்டன் தயாரிப்பு. முதல் ஆல்பத்தைவிட ஒலி தெளிவு, சொந்தப் பாட்டு குறைவு, அடுத்தவர் பாட்டு அதிகம். முதலில் அது வேண்டாம். 1972-ல் பதிவு செய்த டெமோக்கள் (ஆல்பத்துக்கு முந்தைய மாதிரிப் பதிவுகள்) 'லிப்ஸ்டிக் கில்லர்ஸ்' என்ற பெயரில் 1981-ல் கேசட்டாக வந்தன. முர்சியாவின் டிரம்ஸில் இதே பாடல்கள் எப்படி இருந்தன என்று ஒப்பிட அதைத் தேடுங்கள். அப்புறம் தண்டர்ஸும் நோலனும் ஹார்ட்பிரேக்கர்ஸ் குழுவில் 1977-ல் போட்ட 'எல்.ஏ.எம்.எஃப்.'. அங்கேயும் மிக்ஸிங் தகராறுதான். ஒலி கலங்கலாகிப் போனதில் வெறுத்து நோலன் குழுவையே விட்டுப் போனார். அதனால் 1977 தட்டைத் தவிர்த்துவிட்டு, பிறகு கண்டெடுத்த மாஸ்டர் நாடாவிலிருந்து 2021-ல் வெளியிட்ட பதிப்பை வாங்குங்கள்.